கொட்டகைக் கயிற்றில் தொங்கிய நீலச் சட்டை

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, எங்களோடு உப்பளத்தில் வேலை செய்யும் ஏழுமலை சங்க அலுவலகத்துக்குள் வந்தான். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடவில்லை. வாசலில் அது விழுந்த சத்தம் கேட்டது. நேரம் நினைவிருப்பதற்குக் காரணம், அப்போது நான் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் பேச்சுவார்த்தை. எந்தப் பேருந்தைப் பிடித்தால் சரியாக இருக்கும் என்று தலைவர் கேட்டிருந்தார்.

"அக்கா, சுகந்திய போலீஸ் ஏத்திட்டுப் போயிட்டாங்க."

"எந்தச் சுகந்திடா?" என்று கேட்டேன். உப்பளத்தில் அந்தப் பெயரில் என் மகள் ஒருத்திதான் இருந்தாள். தெரிந்தே கேட்டேன்.

"நம்ம சுகந்திதாங்கா. அந்த நீலச் சட்டையப் போட்டிருந்திச்சு."

தலைவர் தணிகாசலம் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "அது கயித்துலதான தொங்கிட்டு இருந்திச்சு?" என்றார்.

"ஆமாங்க. யாரும் தொடல. இது லேட்டா வந்து, எது காஞ்சிருக்குதுன்னு பாத்து அத எடுத்து மாட்டிட்டு எறங்கிடிச்சு."

அது 2005ஆம் ஆண்டு, கத்திரி வெயில் நேரம். சுகந்தி பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு நர்சிங் படிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். லீவு நாளில் சும்மா இருப்பானேன் என்று என்னோடு உப்பளத்துக்கு வரத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்று நான் அலுவலகத்துக்கு வந்துவிட்டதால் தனியாகப் போயிருக்கிறாள். கூட நான் போயிருந்தால் அந்தச் சட்டையைத் தொட விட்டிருக்க மாட்டேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன தை மாதம் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினேன். இரண்டு கண்ணிலும் புரை. உப்பின் வெளிச்சத்தில் நின்றவர்களுக்கு அது சீக்கிரம் வரும். எனக்குப் பிறகு பொறுப்புக்கு வந்திருக்கும் பெண் வீடு தேடி வந்தாள். "அக்கா, யாரையாச்சும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா மொதல்ல இன்னா செய்யணும்? ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க, நான் போன்ல போட்டோ எடுத்து வெச்சிக்கறேன்" என்றாள். ஒரு தாளில் அடங்கும் என்றுதான் உட்கார்ந்தேன். அடங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஸ்டேஷன் வேலையெல்லாம் அந்த ஒரு நாளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரம்மதேசத்தில் விவசாயக் குடும்பம். பிளஸ் டூ முடித்த வருடமே கல்யாணம். வீட்டுக்காரர் சென்னையில் ஓட்டலில் சரக்கு மாஸ்டர், மாதம் ஒரு முறை வருவார். நிலத்தில் வேலை இல்லாத மாதங்களில் ஊர்ப் பெண்களோடு மரக்காணம் உப்பளத்துக்குப் போகத் தொடங்கினேன். ஆண்கள் பாத்தியில் நின்று பலகையால் உப்பை வாரிக் கூட்டுவார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் குவிப்போம். படித்தவள் என்பதால் மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. 2004இல் சங்கம் தொடங்கியபோது செயலாளர் வேலையும் வந்தது.

சங்கத்தைத் தொடங்கியவர்தான் தோழர் தணிகாசலம். பெரிய முதலியார்சாவடிக்காரர். புதுச்சேரியில் ஒரு மில்லில் தறி ஓட்டியவர். சங்கம் வைத்ததற்காக வேலை போயிற்று. அதன்பிறகு எங்கெல்லாம் சங்கம் இல்லையோ அங்கெல்லாம் போய் ஆரம்பிப்பதையே வேலையாக்கிக்கொண்டார். செங்கல் சூளை, முந்திரிக் கொட்டை உடைக்கும் இடம், பிறகு எங்கள் உப்பளம். சங்க வேலை பாதி. மீதிப் பாதி, ஸ்டேஷனில் அடி வாங்கியவர்கள், தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்காக மிரட்டப்பட்டவர்கள் என்று யாராவது ஒருவருக்காக எங்காவது நிற்பது.

அவர் பெரிய பேச்சாளர் இல்லை. கேள்வி கேட்பவர். முதல் நாள் உப்பளத்துக்கு வந்தபோது நாங்கள் கூலியைப் பற்றிச் சொல்லத் தயாராக நின்றோம். அவரோ, "இங்க ஒண்ணுக்குப் போவணும்னா எங்க போவீங்க?" என்று கேட்டார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தரை, ஒரு புதர் கிடையாது. "அதான் தண்ணியே குடிக்கறதில்லைங்க" என்று ஒருத்தி சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் முதல் கோரிக்கை அப்படித்தான் உருவானது.

எந்த இடத்துக்குப் போனாலும் அவருக்கு இரண்டு வழக்கம். வாசலிலேயே மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விடுவார். கலெக்டர் ஆபீசோ காலனிக் குடிசையோ, வித்தியாசம் இல்லை. அடுத்ததாக, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்பார்.

தாகம் எடுக்கிறவர் போலும் என்றுதான் நெடுநாள் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், கேட்டுவிட்டு அவர் தண்ணீரைப் பார்ப்பதில்லை, கொண்டுவருபவரைப் பார்க்கிறார். முதலாளி வீட்டில் கண்ணாடி டம்ளர் தட்டில் வரும். ஊர் டீக்கடையில் எங்களுக்கு ஒரு மாதிரி, காலனிக்காரர்களுக்கு வேறு மாதிரி. காலனியில் கேட்டால் ஒரு பையனை ஓடவிட்டுச் சோடா வாங்கிவரச் சொல்வார்கள். "சோடா வேணாம்மா, வயித்த ஊதும். பானத் தண்ணி குடு" என்பார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வை முடிந்து தண்ணீர் வரும்வரை காத்திருப்பார்.

அவர் எந்தச் சாதி என்று கண்டுபிடிக்க ஊரே பாடுபட்டது. என் மாமனார் நேராகவே கேட்டார்.

"நீங்க எந்தப் பக்கங்க?"

"மில்லுப் பக்கம்."

"அது சரிங்க. ஆளுங்க எந்தப் பக்கம்?"

"எல்லாரும் தறிப் பக்கந்தாங்க. நூல் பக்கம் பொம்பளைங்க."

மாமனார் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. நானும் கண்டுபிடிக்கவில்லை. தலைவர் இறந்த பிறகும் தெரியவில்லை.

இனிச் சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பளத்தில் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றிக்கொள்வார்கள். கண் மட்டும் வெளியே தெரியும். உப்புத் தண்ணீர் ஊறிய சட்டை காய்ந்தால் அட்டை போல நிற்கும், அக்குளை அறுத்துவிடும். நல்ல தண்ணீரில் அலசினால்தான் மறுபடி போட முடியும். ஆளாளுக்குத் தினமும் அலச எங்கே தண்ணீர்? அதனால் அலசுவதற்கு ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்திருந்தோம். முறைக்காரி அன்றைய சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப்போய் அலசிக் கொண்டுவந்து கொட்டகைக் கயிற்றில் போடுவாள். மறுநாள் விடியலில் எது காய்ந்திருக்கிறதோ அதை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்குவோம். யார் சட்டை யார் மேல் என்று பார்க்க மாட்டோம். ஊர்ப் பெண்களும் காலனிப் பெண்களும் ஒரே கயிற்றிலிருந்துதான் எடுத்தோம். உப்பில் ஊறிய துணிக்கு என்ன இருக்கிறது என்பது எங்கள் நியாயம்.

அதே கொட்டகையில் குடிதண்ணீர்ப் பானை இரண்டு இருந்தது. ஊர்ப் பானை வாசல் பக்கம், காலனிப் பானை பின்பக்கம்.

தலைவர் இதை வந்த முதல் நாளே பார்த்துவிட்டார். கூட்டம் முடியும்போது சாதாரணமாகக் கேட்டார். "சட்டைய மாத்திப் போட்டுக்கறீங்க. தண்ணிய மட்டும் ஏன் மாத்திக்கறதில்ல?"

பெண்கள் எழுந்து கூடைகளை அடுக்கத் தொடங்கினார்கள். அவரும் வற்புறுத்தவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி கேட்டார். அதற்கடுத்த மாதமும். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். "இந்த ஆளு பதில் வர்ற வரைக்கும் உடமாட்டாரு போல" என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த வருடக் கடைசியில் சுனாமியாகக் கடல் வந்தது. கடற்கரைக் குப்பங்களுக்கு வந்த சாவு எங்களுக்கு வரவில்லை. ஆனால் பாத்திகள் சேற்றால் மூடிப்போயின. கொட்டகை போயிற்று, பானைகள் போயின. நிவாரணம் கேட்டு மனு எழுதினேன். "கருணை கூர்ந்து" என்று நான் எழுதியதைத் தலைவர் அடித்துவிட்டு "உரிமைப்படி" என்று போட்டார். மனுவைப் படித்த அதிகாரி ஒருவர், "உப்பளத்துக்குக் கடல் தண்ணி வந்ததுல என்னம்மா நஷ்டம்? நீங்களே அதத்தான கால்வாய்ல எடுக்கறீங்க?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். தலைவர், "நல்ல கேள்விங்க அய்யா. ஒரு தடவ நேர்ல வந்து எங்க கெணத்துத் தண்ணியக் குடிச்சிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

உண்மையான நஷ்டம் அந்தக் கிணறுதான். உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. கடல் வந்துபோன பிறகு அது வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. பாத்திகளைச் சீர்செய்து வேலை தொடங்கியபோது குடிதண்ணீரை ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் தலையில் சுமந்து வர வேண்டியதாயிற்று. கொட்டகையைப் புதிதாகக் கட்டினார்கள். புதுப் பானைகளும் வந்தன. அதுவும் இரண்டு. ஒன்று வாசல் பக்கம், ஒன்று பின்பக்கம். குடிதண்ணீர்த் தொட்டி கேட்டுச் சங்கம் பேச்சுவார்த்தைக்கு அலைந்துகொண்டிருந்தது அப்போதுதான்.

நீலச் சட்டைக் கதை அங்கே ஆரம்பிக்கிறது. ஒரு நாள் உப்பு ஏற்ற வந்த லாரியின் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர், ஆனால் எல்லாம் உப்பு. டிரைவர் கொட்டகைக்குப் போனார். ஊர்ப் பானையைத் தொடவில்லை. பின்பக்கம் போய்க் காலனிப் பானையைத் தூக்கிவந்து ரேடியேட்டரில் கவிழ்த்துவிட்டார். கூலியாட்களை மேய்க்கும் மேஸ்திரி கன்னியப்பன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூடை சுமந்துவந்த பெண்களில் நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரி ஒருத்தி கூடையை இறக்கினாள். நேராகப் போய் லாரிக் கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கித் தேக்கத்து உப்புத் தண்ணீரில் எறிந்தாள். "உன் வண்டிக்குத்தான் ரொம்பத் தாகமாச்சே. அதுவும் குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

அன்று நானும் தலைவரும் விழுப்புரத்தில் இருந்தோம். சாயங்காலம் வந்து கேட்டபோது தலைவர் சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னிக்குப் பூரா அவங்க எந்தத் தண்ணியக் குடிச்சாங்க?" என்று கேட்டார். குடிக்கவில்லை. வாசல் பக்கத்துப் பானையில் தண்ணீர் இருந்தது. யாரும் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

லாரி முதலாளி சும்மா விடுவதாக இல்லை. சாவியைத் திருடியது, வண்டியை மறித்தது என்று கன்னியப்பனைவிட்டுப் புகார் கொடுக்க வைத்தார். ஆள் யார் என்று கேட்டதற்கு மேஸ்திரி சொன்ன ஒரே அடையாளம், நீலக் கட்டம் போட்ட சட்டை. விஷயம் தெரிந்த பெண்கள் யாரும் அந்தச் சட்டையைத் தொடவில்லை. அது கயிற்றில் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும்விட நன்றாகக் காய்ந்திருந்தது. விஷயம் தெரியாத என் மகள் கண்ணில் பட்டது அதுதான்.

சட்டைக்காரி யாரென்று எனக்குத் தெரியும். அஞ்சலாட்சி. காலனிக்காரி, புருஷன் இல்லாதவள், சின்னப் பிள்ளைகள் இரண்டு.

ஸ்டேஷன் வாசலில் தலைவர் வேட்டியை இறக்கி விட்டார். நான் வழியில் ஒரு எவர்சில்வர் செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்திருந்தேன். உள்ளே ஓடப் பார்த்தவளைக் கையால் நிறுத்தினார். "அழுதுகிட்டுப் போவாத. அவ உன் மொகத்தத்தான் மொதல்ல பாப்பா. மொகத்தத் தொடச்சிக்க" என்றார்.

அவருடைய முறையை அன்று வரிசையாகப் பார்த்தேன். மேசைக்குப் போவதற்கு முன் உள்ளே இருப்பவரின் கண்ணில் படும்படி போய் நின்றார். சுகந்தி மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் அந்தச் சட்டையோடு. தலைவர் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவள் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு வாசல் போலீஸ்காரரிடம், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?" என்றார். அவர் பானையைக் கைகாட்டினார். குடித்துவிட்டு, பெண் போலீஸ் இருக்கிறாரா, பெண் சாப்பிட்டாளா, என்ன பிரிவு போட்டிருக்கிறது, கைது என்று எழுதியாயிற்றா இல்லை விசாரணைதானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரல் உயரவே இல்லை. ஒன்றுக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்டார். இன்ஸ்பெக்டரும் தன்மையாகவே பதில் சொன்னார். இன்னும் எழுதவில்லை, ஜீப் வெளியே போயிருக்கிறது, வந்ததும் எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

எழுதிவிட்டால் நன்னடத்தைச் சான்று போய்விடும். நர்சிங் சீட்டு போய்விடும். எனக்கு அது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

கன்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்க்காரர், எனக்கு மாமா முறை. என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைவர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா கன்னியப்பா, இந்தப் பொண்ண உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. நீலச் சட்ட."

"பேரு?"

"நீலச் சட்டதாங்க. நமக்குப் பேரா தெரியுது? எல்லாம் மூஞ்சியச் சுத்திட்டுத்தான நிக்குதுங்க. பச்சச் சட்ட, வெள்ளச் சட்ட, நீலச் சட்டன்னுதான் கூப்புடறது."

"சாவிய எறிஞ்ச அன்னிக்கு இந்த நீலச் சட்ட எவ்ளோ ஒசரம் இருந்திச்சு?"

கன்னியப்பன் யோசித்தார். "அது ஒரு நாளைக்கு ஒசரமா இருக்குதுங்க. ஒரு நாளைக்குக் குட்டையா இருக்குது. வெயிலுக்கு அப்படித் தெரியும்னு வுட்டுட்டேன்."

மூலையிலிருந்த பெண் போலீஸ் சிரித்துவிட்டார். தலைவர் இன்ஸ்பெக்டரிடம் சட்டை முறையை விளக்கினார். கயிறு, துவைக்கும் முறை, காய்ந்ததை எடுப்பது, ஊரும் காலனியும் ஒரே கயிறு. இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"தோழர், நான் இந்த ஜில்லாக்காரன். ஊர்ப் பொம்பளைங்களும் காலனிப் பொம்பளைங்களும் ஒரே சட்டைய மாத்திப் போடுவாங்கன்னு சொன்னா எவன் நம்புவான்? கோர்ட்டுல சொல்லிப் பாருங்க. ஜட்ஜும் நம்ப மாட்டாரு."

தலைவர் துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். மாதாமாதம் அவர் எங்களைக் கேட்டது, தண்ணீரை ஏன் மாற்றிக்கொள்வதில்லை என்று. இந்த மனிதருக்கோ சட்டையை மாற்றிக்கொண்டதே நம்ப முடியாததாக இருந்தது.

"சரி," என்றார் இன்ஸ்பெக்டர், "நீங்க சொல்றதே நெசம்னு வெச்சிக்குவோம். அப்ப அன்னிக்கு இந்தச் சட்டையப் போட்டது யாரு? பேரச் சொல்லுங்க. இந்தப் பொண்ண இப்பவே அனுப்பிடறேன்." தலைவரிடம் பேசியவர் என்னைப் பார்த்துத்தான் முடித்தார். "என்னம்மா, நீங்கதான செக்ரட்டரி? உங்களுக்குத் தெரியாதா?"

நான் வெளியே வந்துவிட்டேன். வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. தலைவர் பின்னாலேயே வந்தார். அவர் ஏதாவது கேட்பார், அதற்குப் பதில் தேடினால் வழி தெரியும் என்று காத்திருந்தேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் புள்ளைங்க இல்ல வசந்தா. இதுல நான் வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

அவ்வளவுதான். கேள்வி கேட்டே எங்களை நடத்தியவரிடம் அன்று கேள்வி இல்லை.

நான் ஜன்னல் பக்கம் போனேன். சுகந்தி உள்ளிருந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, இது யார் சட்டம்மா? கழுத்தெல்லாம் அரிக்குது."

"பொறு."

"யாரு போட்டிருந்தாங்கன்னு உனக்குத் தெரியுமாமே? போலீஸக்கா சொன்னாங்க."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சா சொல்லேன்மா" என்றாள்.

பதினேழு வயதுப் பெண். அவள் கேட்டதில் தப்பில்லை. இன்றைக்கும் தூக்கத்தில் எனக்குக் கேட்பது அந்தச் "சொல்லேன்மா"தான். நான் என்ன நினைத்தேன் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். என் மகளை அங்கே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அஞ்சலாட்சியைக் கூட்டிவந்தால் எங்கே உட்கார வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அது தெரியும்போதே, நாற்காலியோ தரையோ, என் பெண் வெளியே வந்தால் போதும் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே நின்றன. ஒன்று மற்றொன்றைத் தள்ளவில்லை.

தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. மறுபடி உள்ளே போனேன்.

"என்னம்மா, பேரு ஞாபகம் வந்திச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பதில் வருகிறது. நல்லவேளையோ என்னவோ, அப்போது வாசலில் ஒரு பெண்குரல் கேட்டது.

"யாருப்பா அது, எங்க வூட்டுச் சட்டைய ஸ்டேஷன்ல வெச்சிருக்கறது?"

பெஞ்சிலிருந்த கன்னியப்பன் எழுந்து நின்றுவிட்டார். வந்தது அவர் மனைவி பச்சையம்மா. வெயிலில் நடந்துவந்து முகம் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால், படிக்குக் கீழேயே, அஞ்சலாட்சி நின்றாள்.

"நீ எங்கடி வந்த?" என்றார் கன்னியப்பன்.

"சட்டையப் பாக்க வந்தேன்." பச்சையம்மா நேராகச் சுகந்தியிடம் போய்ச் சட்டைக் காலரைப் புரட்டினாள். "அய்யா, நீங்களே பாருங்க. காலர் கிழிஞ்சிதுன்னு பிரிச்சித் திருப்பித் தெச்சது நானு. நீல நூல் இல்லாம கறுப்பு நூல்ல தெச்சேன். பொங்கலுக்கு எடுத்தது, இந்த மனுஷன் போட்டுப் போட்டுக் கிழிச்சாரு. அப்பறம் நடவுக்கு வந்தவகிட்ட, உப்பளத்துல போட்டுக்கன்னு நாந்தான் குடுத்தேன். சட்டக்காரங்களத்தான் புடிக்கணும்னா, தோ நிக்கறாரு. ஏத்திட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்துவந்து காலரைப் பார்த்தார். கறுப்பு நூல்தான். கன்னியப்பனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"உன் சட்டையா?"

கன்னியப்பன் தடவிப் பார்த்தார். "உப்பு ஏறிப் போச்சுங்களா, அடையாளம் தெரியல."

"உன் சட்டையே உனக்கு அடையாளம் தெரியல. இத வெச்சி ஊராம் பொண்ண அடையாளம் காட்டினியா? கோர்ட்டுல என்னய நிக்க வெச்சி சிரிப்பாங்க." இன்ஸ்பெக்டர் புகார்த் தாளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். "லாரிக்காரர்கிட்டச் சொல்லு, வேற சாவி போட்டுக்கச் சொல்லி. அம்மா, பொண்ணக் கூட்டிட்டுப் போங்க." வாசலைப் பார்த்து, "அது யாரு?" என்றார்.

அஞ்சலாட்சி ஒரு படி ஏறினாள். சொல்லத்தான் வந்திருந்தாள், முகத்திலேயே தெரிந்தது. பச்சையம்மா முந்திக்கொண்டாள். "எங்கூட வந்தவங்க" என்றாள்.

பிறகு தெரிந்தது. சுகந்தியை ஏற்றிப் போனதும் அஞ்சலாட்சி கூடையைப் போட்டுவிட்டு நேராக ஸ்டேஷனுக்குத்தான் கிளம்பியிருக்கிறாள். வழியில் மேஸ்திரி வீடு. தான் திரும்பி வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லப் போயிருக்கிறாள். நடவுக்குப் போய்வரும் வீடு அது. எதற்காகப் போகிறாய் என்று கேட்ட பச்சையம்மா, எந்தச் சட்டை என்றும் கேட்டிருக்கிறாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பானை இரண்டும் எப்போது ஒன்றாயிற்று என்று கேட்கிறார்கள். ஒரே நாளில் ஆகவில்லை. மறு வருடம் தொட்டி வந்தது, ஒரே குழாய். அதன்பிறகும் சிலர் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்தார்கள், இன்றும் ஓரிருவர் கொண்டுவருகிறார்கள். நான் சொல்லக்கூடியது வேப்பமரத்தடியில் நடந்ததை மட்டும்தான்.

சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். தலைவர் மரத்தடியில் நின்றிருந்தார். அஞ்சலாட்சி எதிரே வந்து நின்று என்னையே பார்த்தாள். நான் பெயரைச் சொல்லவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, இல்லை, தெரிந்ததா என்றே எனக்குத் தெரியாது. அவள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள்.

"இன்னா வசந்தாக்கா, அதுல தண்ணி இருக்குதா?"

"இருக்குது."

வழக்கமாகக் காலனிக்காரர்கள் இரண்டு கையையும் குவித்து நிற்பார்கள், நாங்கள் மேலிருந்து ஊற்றுவோம். அவள் கையைக் குவிக்கவில்லை. நீட்டினாள். நான் செம்பைக் கொடுத்தேன். அண்ணாந்து பாதி குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மீதியைச் சுகந்தியிடம் நீட்டினாள். சுகந்தி ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். தலைவர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டு, வருகிற பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலாட்சி என் மகளின் காலரைப் பிடித்துச் சரிசெய்வது போல இழுத்தாள்.

"கழட்டிக் குடு பாப்பா," என்றாள். "இன்னிக்குத் தொவைக்கிற மொற என்னுது."